மெழுகுத்துணி விரிப்பில் மடிப்புக் கோடு போகவில்லை, அயர்ன் செய்யலாமா?

கேள்வி:
சாப்பாட்டு மேசைக்குப் பூப்போட்ட மெழுகுத்துணி வாங்கினேன். மேலே பளபளப்பு, அடியில் பருத்தி நெசவு. மடித்தே கொடுத்ததால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு. விரித்து நாளாகியும் போகவில்லை. அயர்ன் செய்யலாமா? மிச்சத் துணியில் ஒரு பை தைக்கவும் ஆசை. ஆனால் துணி நகராமல் தையல் மெஷினின் காலில் ஒட்டிக்கொள்கிறது.

பதில் 1:
முதலில் மேல்பூச்சு எது என்று பாருங்கள், மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான். அந்தக் காலத்தில் பருத்தியிலோ லினனிலோ காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைப் பூசிக் காயவைத்தார்கள். இப்போது அதே பெயரில் விற்பது பெரும்பாலும் பிவிசி பூசியது. அக்ரிலிக் பூசியதும் உண்டு. அது மெல்லிசு, நன்றாகத் துவளும், மேலேயே நெசவு தெரியும். தடிமனாக, நெசவே தெரியாமல் வழவழவென்று இருந்தால் பிவிசி.

பிவிசி என்றால் பளபளப்பின் மேல் அயர்ன் படவே கூடாது. பூச்சு உருகிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். வெயில் படும் இடத்தில் சற்று நேரம் விரித்து, பூச்சு இளகியதும் கையால் நீவுங்கள். அவசரமென்றால் ஹேர் டிரையரை மிதமான சூட்டில், ஓரிடத்தில் நிறுத்தாமல், அடிப்பக்கமாகக் காட்டலாம். இனிமேல் மடிக்காமல் அட்டைக் குழாயில் சுருட்டி வையுங்கள்.

கேட்டவர்:
வழவழவென்றுதான் இருக்கிறது. அப்படியானால் சூடான பாத்திரம் வைக்கலாமா?

பதில் 1:
நேராக வைக்காதீர்கள், தடம் விழுந்தால் போகாது. அடியில் மரப்பலகையோ தடித்த மேட்டோ வேண்டும். துடைக்க ஈரத்துணியும் கொஞ்சம் மென்மையான சோப்பும் போதும். தின்னர், அசிட்டோன், பிளீச் எதுவும் ஆகாது.

பதில் 2:
தையலுக்கு நான் சொல்கிறேன். குண்டூசி குத்தாதீர்கள், இதில் விழுந்த ஓட்டை மூடாது. கிளிப் போட்டுப் பிடியுங்கள். டெஃப்லான் கால் மாட்டினால் துணி வழுக்கிக்கொண்டு போகும். அது இல்லையென்றால் மேலே டிஷ்யூ பேப்பர் வைத்துத் தைத்து, அப்புறம் கிழித்து எடுத்துவிடுங்கள். தையல் நீளம் 3.5 அல்லது 4 மில்லிமீட்டர் வையுங்கள். நெருக்கித் தைத்தால் அஞ்சல்தலையின் ஓரம்போல அந்த வரிசையிலேயே கிழியும். பிரித்துத் தைக்கும் வேலையும் வேண்டாம், பழைய ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும்.

என்னைக் கேட்டால், பையைவிட அலமாரித் தட்டுக்கு விரிப்பதுதான் மிச்சத் துணிக்கு நல்ல வழி. வெட்டிய ஓரம் நூல் பிரியாது, மடித்துத் தைக்கவே வேண்டாம்.

கேட்டவர்:
சரி, தட்டுக்கே வெட்டிக்கொள்கிறேன். மேசை விரிப்பை வெயிலில் போட்டிருக்கிறேன், கோடு மங்கத் தொடங்கிவிட்டது. இருவருக்கும் நன்றி.