காலடியில அடிச்ச மீன்கள்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நூறு மீட்டர் வீச்சைப் பத்திப் பேசியே நமக்குப் பாதி ஆயுசு போகுது. ராட் (தூண்டில் கோல்) நீளம், பிரெய்டு (பின்னல் நூல்) தடிமன், லூர் (பொய் இரை) எடை எல்லாமே இன்னும் பத்து மீட்டர் தள்ளி விழணும்னுதான். ஆனா எனக்கு மறக்காத அடிகள்ல முக்காவாசி, லூரைத் தண்ணியை விட்டுத் தூக்கப் போற நேரத்துல வந்ததுதான். உங்களுக்கும் அப்படி நடந்திருந்தா எழுதுங்க. மீன் கரையேறியிருக்கணும்னு அவசியமில்ல.

நானே ஆரம்பிக்கிறேன். செங்குத்தா இறங்குற கல் திட்டு, காலுக்குக் கீழயே நல்ல ஆழம். கடல் ஏற்றம் பாதி ஏறியிருந்தது. 120 கிராம் பாப்பர், தண்ணியைத் தெறிக்க வைக்கிற மிதவை லூர். தூரத்துல போட்டு, தண்ணி தெறிக்கத் தெறிக்க இழுத்துட்டு வந்தேன், ஒரு அசைவும் இல்ல. பாப்பர் கல்லடி நுரைக்குள்ள வந்ததும் அதுக்குக் கீழ கருப்பா ஒண்ணு. கல்லோட நிழல்னுதான் நினைச்சேன். நிழல் திரும்பிச்சு.

ஜி.டி., அதாவது ஜயன்ட் ட்ரெவாலி. பாறை மீன் வகையிலேயே பெருசு. அது அடிச்சப்ப லீடர் (பிரெய்டு முனையில கட்டுற தடிச்ச தங்கூசி, நைலான் நரம்பு) முடிச்சு ராட் முனை வளையத்துக்கு உள்ள வந்தாச்சு, வெளிய இருந்தது ஒரு ஆள் நீளத் தங்கூசி மட்டும். தூரத்துல அடிச்சா தண்ணியில கிடக்குற நூலும் அதோட தொய்வும் முதல் உதறலைக் கொஞ்சம் வாங்கிக்கும். இங்க அத்தனையும் நேரா ராடுக்கும் முதுகுக்கும் வந்தது. டிராக் (மீன் இழுத்தா நூலை விட்டுக்கொடுக்குற ரீல் பிரேக்) கத்த ஆரம்பிக்கிறதுக்குள்ள நான் ஒரு முழங்காலைக் கல்லுல ஊன்றியாச்சு. மீன் வெளியே ஓடல, சுவரை ஒட்டிக் கீழ போச்சு. சிப்பி படிஞ்ச விளிம்புல லீடர் உரசின அதிர்வு கைக்குத் தெரிஞ்சது. அப்புறம் ஒண்ணுமே தெரியல.

உலக சாதனையா பதிவான ஜி.டி 2006ல ஜப்பானோட டோக்காரா தீவுகள்ல பிடிபட்டது, 72.8 கிலோ. நான் பார்த்தது அதுல பாதிகூட வராது. அதுக்கே இந்தக் கதி.

*

நல்ல தலைப்பு. எனக்குத் தெரிந்தவரை இது தற்செயல் இல்லை. வேட்டையாடும் மீனுக்குக் கரை ஒரு சுவர். மடவையையும் நெத்திலியையும் திறந்த தண்ணீரில் துரத்தித் துரத்திப் பிடிப்பது வீண் உழைப்பு. சுவர்ப் பக்கமாக ஒதுக்கிவிட்டால் இரைக்குப் போக வழியில்லை. லூருக்குப் பின்னால் சோம்பலாக வருகிற மீன் இந்த இடத்தில்தான் முடிவெடுக்கிறது. அதுவரை ஒரே மட்டத்தில் வந்த லூர் மேலே ஏறத் தொடங்குவதும் இங்கேதான். தப்பி ஓடுகிற இரை செய்வதும் அதையேதான்.

மணல் கடற்கரையிலும் இதுதான் கதை. அலை உடையும் திட்டுக்கு உள்பக்கம் கரையை ஒட்டி ஒரு பள்ளம் வாய்க்கால் போல ஓடும். வந்ததும் வராததுமாக முழங்கால் தண்ணீரில் இறங்கி, அந்தப் பள்ளத்திலேயே நின்றுகொண்டு, அதற்கு அப்பால் வீசுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஒருநாள் விடிகிற நேரத்தில் எனக்கு முன்னால் நின்றிருந்தவரின் கால்களுக்கும் கரைக்கும் நடுவே கட்டா கூட்டம் ஒன்று சாளையை விரட்டிக்கொண்டு போனது. அவர் கடலைப் பார்த்து நின்றார். மீன் அவர் முதுகுக்குப் பின்னால்.

நான் ஈர மணலைவிட்டு இறங்காமல் கரைக்கு இணையாக 28 கிராம் ஸ்பூனை (உலோகத் தகடு லூர்) வீசினேன். தண்ணீர் முழங்காலுக்கும் குறைவு. கட்டா அடித்தால் மேலே பாயும், பக்கவாட்டில் ஓடும், அந்த ஆழத்தில் கீழே போக அதற்கு இடமில்லை. அந்தக் காலையில் வீசிய திசையெல்லாம் கரையோரமாகத்தான்.

புதியவர்களுக்கு ஒன்று: கட்டாவின் முதுகிலும் அடிவயிற்றுப் பின்பக்கத்திலும் உள்ள குட்டை முட்களில் விஷம் உண்டு. தோல் வழவழப்பாக இருக்கிறதே என்று அழுத்திப் பிடிக்காதீர்கள்.

*

சீலா கதை சொல்றேன், சில ஊர்ல ஊழிம்பாங்க. உச்சி வெயில், பவளத்திட்டுக்கு உள்பக்கம் தெளிவு தண்ணி, தொடை ஆழம். போலரைஸ்டு கண்ணாடி போட்டிருந்ததால எல்லாம் தெரியுது. ஸ்டிக்பெய்ட் (குச்சி மாதிரி நீள லூர்) பின்னாலயே ஒரு மீட்டருக்கு மேல நீளமா ஒண்ணு வருது. நான் நிறுத்தினா அதுவும் நிக்குது. சுத்தினா வருது. கடைசில லூர் ராட் முனைல தொங்குது, மீன் என் முழங்காலுக்கு ஒரு கை தூரத்துல அப்படியே நிக்குது. துடுப்பு மட்டும் லேசா ஆடுது. கண்ணு என்னையா லூரையா பார்க்குதுன்னே புரியல.

லூரைத் தூக்கினேன். தண்ணியை விட்டு அரை அடி மேல வந்திருக்கும், மீனும் கூடவே வந்துடுச்சு. ராடுக்கும் என் நெஞ்சுக்கும் நடுவுல பறந்து அந்தப் பக்கம் விழுந்தது. மர லூரை எடுத்துப் பார்த்தா வால் பக்கம் நீளக் கீறல், தூண்டில் முள் மட்டும் எதுலயும் மாட்டல. மாட்டியிருந்தா நானும் அதுவும் ட்ரெபிள் ஹூக்கும் (மூணு முனை முள்) ஒரே இடத்துல இருந்திருப்போம். அதுக்கப்புறம் சீலா பின்னால வந்தா நான் தூக்குறதே இல்ல, அப்படியே பின்வாங்கி நடந்து அதுவா சலிச்சுப் போற வரைக்கும் காத்திருப்பேன்.

பல்லைப் பத்திச் சொல்லணுமா? சீலா, வஞ்சிரம் ரெண்டுக்கும் தங்கூசி எவ்வளவு தடிமனா இருந்தாலும் ஒண்ணுதான். ஒரு சாண் ஒயர் கட்டுங்க. வீச்சு கொஞ்சம் கெடும், பரவால்ல. அப்புறம், பவளப்பாறைப் பக்கம் பிடிச்ச பெரிய சீலாவை வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க. சிகுவாடெரா விஷம் இருந்தா கண்ணுக்குத் தெரியாது, வாடை வராது, கொதிக்க வச்சாலும் போகாது.

*

தம்பிங்க எல்லாரும் வேகமான மீனையே சொல்றீங்க. நான் நின்னு அடிக்கிற மீனைச் சொல்றேன்.

அலையாத்திக் காட்டு ஓடை ஒண்ணு பெரிய கழிமுகத்துல சேர்ற இடம். கடல் வற்றம் இறங்க இறங்க உள்ள இருக்குற இறால், பொடி மீன் எல்லாம் அந்தக் குறுகின வாய் வழியாத்தான் வெளிய வந்தாகணும். கலங்கல் தண்ணியும் தெளிவான தண்ணியும் சேர்ற இடத்துல ஒரு கோடு தெரியும். கொடுவா அந்தக் கோட்டு ஓரமா, நீரோட்டத்துக்கு முகத்தைக் காட்டி நிக்கும். அது ஓடாது, காத்திருக்கும்.

நான் போட்டது மிதக்காம மூழ்காம அந்தரத்துல நிக்கிற மின்னோ, பொடி மீன் உருவ லூர். ரெண்டு தட்டு, ஒரு நிறுத்தம். கரைக்கு ரெண்டு மீட்டர்ல, என் காலடில சாய்ஞ்சு கிடந்த ஒரு வேருக்குப் பக்கத்துல லூரை அப்படியே விட்டேன். வழக்கத்தைவிட ரொம்ப நேரம், ஏன்னா பக்கத்துல தண்ணியைத் தெளிச்சிட்டிருந்த ஒரு நீர்க்காகத்தைப் பார்த்துட்டிருந்தேன். கொடுவா கடிக்காது, வாயை ஒரேயடியாத் திறந்து தண்ணியோட உள்ள இழுக்கும். அந்தச் சத்தம் குடத்தைக் கவிழ்த்துத் தண்ணியில அமுக்கினா வர்றதுதான். சத்தம் கேட்டுட்டுத்தான் நான் திரும்பினேன்.

தலையை உதறிட்டு வெளிய பாய்ஞ்சது. பாய்ஞ்சா ராட் முனையைத் தாழ்த்திடணும், தூக்கிப் பிடிச்சா உதறல்ல முள் கழண்டுடும். செவுள் மூடியோட ஓரம் பிளேடு, அதுல தங்கூசி உரசினாலும் போச்சு. நல்ல பெரிய மீன். அளந்துட்டு, வயித்துக்குக் கீழ கை குடுத்துத் தண்ணியிலயே வச்சிருந்து விட்டுட்டேன்.

ஏன் விட்டேன்னு கேப்பீங்க. கொடுவா ஆணாத்தான் வாழ்க்கையை ஆரம்பிக்கும், வளர்ந்தப்புறம் பெண்ணா மாறும். அதனால பெரிய மீன் அநேகமா முட்டை போடுற பெண்ணு. ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துல 58 செ.மீக்குக் கீழயும் எடுக்கக் கூடாது, கடல், கழிமுகத்துல 120 செ.மீக்கு மேலயும் எடுக்கக் கூடாதுன்னு வச்சிருக்காங்க. மேல் வரம்பும் வச்சது எனக்குப் பிடிச்ச சட்டம்.

*

அக்கா சொல்ற நிறுத்தம் கொடுவாவுக்கும் செம்பல்லிக்கும் சரி. அதைக் கேட்டுட்டு யாரும் கட்டாவுக்கு முன்னால நிறுத்திடாதீங்க. துரத்துற மீன் பின்னால வரும்போது லூர் நின்னா, அது பக்கத்துல வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிடும். நான் கண்ணால பார்த்திருக்கேன், ஒரு தடவை இல்ல. மீன் தெரிஞ்சதும் கை பதறி மெதுவாகும் பாருங்க, அதுதான் கெடுக்கும். அப்பத்தான் இன்னும் வேகமா சுத்தணும். ரீல் கைப்பிடி எவ்வளவு வேகமா போகுமோ அவ்வளவு.

*

பாறை மீனுக்கு உங்க விதி எப்பவும் ஓடாது. பெரிய ஸ்டிக்பெய்ட்டை ஒரு நீள இழுப்பு இழுத்துட்டு விட்டா, அது தலை கீழா முங்குற அந்த நொடியிலதான் ஜி.டி எனக்கு அதிகமா அடிச்சிருக்கு. பாப்பர்லயும் தண்ணி தெறிச்சு நிக்கிற இடைவெளியிலதான். கொடுவாவையும் கட்டாவையும் ரெண்டு துருவமா வச்சா பாறை நடுவுல எங்கயோ நிக்குது.

*

எல்லாரும் பெரிய மீன் கதையாச் சொல்றாங்க, நான் பேத்தை கதை சொல்றேன். சாஃப்ட் பிளாஸ்டிக் (ரப்பர் மாதிரி மென்மையான லூர்), 10 கிராம் ஜிக் ஹெட் (ஈயத்தலை முள்), படகுத்துறைத் தூண் ஓரம். காலடிக்கு வர்றப்ப ஒரு சின்ன 'டிக்'. எடுத்துப் பார்த்தா வால் இல்ல. கத்தரில வெட்டின மாதிரி நேர்கோடு. புதுசு மாட்டினேன், திரும்ப 'டிக்'. கீழ எட்டிப் பார்த்தா உள்ளங்கை அளவுல பேத்தை ஒண்ணு, அடுத்ததுக்குக் காத்துக்கிட்டு நிக்குது. டப்பா காலி. அது கொஞ்சமும் நகரல.

*

இரவு அனுபவம் யாரும் எழுதவில்லையே. அமாவாசையை ஒட்டி, கடல் ஒளிர்கிற நாள்களில் தூண்டில் வளைவுக் (கடலரிப்புத் தடுப்பு) கற்களின் மேல் நின்று வீசிப் பாருங்கள். நூல் தண்ணீரில் விழுகிற கோடே பச்சையாகத் தெரியும். லூர் ஒரு வால் நட்சத்திரம். பின்னால் வருகிற மீனும் தெரியும்: உடல் தெரியாது, அது கலைத்த தண்ணீர் தெரியும். அப்படிப் பார்த்த பிறகுதான் எத்தனை மீன் காலடிவரை வந்து திரும்புகிறது என்பது புரிந்தது. பகலில் 'இன்று மீனே இல்லை' என்று கிளம்பிய நாள்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அந்த இரவுகளில் ஒளிர்வு இருந்தவரை எனக்கு எதுவும் மாட்டவில்லை. மீனுக்கும் நூல் அப்படித்தானே தெரிந்திருக்கும். ஒருமுறை ஒளிர்வு மங்கிய பிறகு கருப்பு நிற லூருக்கு ஒரு செம்பல்லி வந்தது, கற்களுக்குள் புகுவதற்குள் தூக்கியாக வேண்டியிருந்தது.

தலைவிளக்கைத் தண்ணீர்மேல் அடித்துக்கொண்டே நிற்காதீர்கள். முரல் வெளிச்சத்தை நோக்கிப் பாயும், அதன் கூரிய மூக்கு ஆளைக் குத்திக் காயப்படுத்தியிருக்கிறது, உயிரும் போயிருக்கிறது. முள் மாற்றும்போது கடலுக்கு முதுகைக் காட்டி விளக்கைப் போடுங்கள்.

*

காலடியில மாட்டுன மீனோட இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். கூட வந்த நண்பருக்கு ஒரு பாறை மீன், மூணு கிலோ இருக்கும், கரையடிக்கு வந்து முள் கழண்டுடுச்சு. ராட் முழுசா வளைஞ்சிருந்தது. 60 கிராம் லூர் நேரா அவர் முகத்துக்கு. கண்ணாடி வில்லை விரிசல் விட்டது, கண்ணு தப்பிச்சது. லூர் அங்கேயிருந்து தெறிச்சு முன்கையில ஏறிச்சு, ட்ரெபிள்ல ஒரு முள், கொண்டி (முள் முனையில பின்னோக்கி நிக்கிற கொக்கி) மறையற அளவுக்கு. லூரைக் கத்தரிச்சு எடுத்துட்டு, முள் ஆடாம துணி சுத்தி மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போனோம்.

இப்ப ரெண்டு பேரும் ட்ரெபிளைக் கழட்டிட்டு ஒத்தை முள் போட்டு, கொண்டியை இடுக்கியால நசுக்கிடறோம். மீன் அதிகமா தப்பிக்குதான்னா, நூல் தொய்யாம வச்சிருந்தா பெரிய வித்தியாசம் தெரியல. விடுற மீனுக்கும் நல்லது. நெருக்கத்துல முள் கழண்டா எங்க பறக்கும்னு யோசிச்சு, நான் ராடை நேரா மேல தூக்குறதில்ல, பக்கவாட்டுல சாய்ச்சுத்தான் இழுப்பேன்.

*

தலைப்புக்கு வெளிய, மன்னிக்கணும். காலடியில அடிக்காம தலைக்கு மேல அடிக்கப் பார்த்த கதை. இடி தூரத்துலதான் இருந்தது, மழைகூட இல்ல. வீசின பிரெய்டு தண்ணில படியாம காத்துல வில்லா எழும்பி நிக்குது. ராட் முனையில ரீங்காரம். கார்பன் ராட் மின்சாரம் கடத்தும்னு படிச்சது ஞாபகம் வந்ததும் கீழ போட்டுட்டு ஓடிட்டேன். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகாம திரும்பிப் போறதில்ல இப்ப.

*

தலைப்புக்கு வெளிய இருந்தாலும் இருக்கட்டும், அது எல்லாரும் படிக்க வேண்டியது.

தனிச் செய்தியில ரெண்டு மூணு பேர் கேட்டாங்க: அப்ப கடைசி மீட்டர்கள்ல என்னதான் பண்றீங்கன்னு. லீடர் முடிச்சு முனை வளையத்துக்கு வெளிய இருக்கும்போதே சுத்தறதை நிறுத்திடுவேன். அப்புறம் ராடைத் தாழ்த்தி, கல்லுக்கு இணையா இடமோ வலமோ ஒரே இழுப்பு. லூர் கரையை நோக்கி வந்தது திடீர்னு திரும்பிக் கரையோரமா ஓடும். பின்னால ஏதாவது வந்திருந்தா அப்ப அடிக்கும். டிராக் முன்னாடியே தராசு வச்சுப் பார்த்துடுவேன், பிரெய்டு பலத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போகாம. 30 பவுண்டு நூல்னா நாலரை கிலோ. நெருக்கத்துல டிராக் திருப்ப நேரம் கிடைக்காது.

லீடர் நீளத்துலதான் இங்க ஒத்துப்போக மாட்டோம்னு தெரியும். சிப்பிக் கல்லுன்னா ஒரு ராட் நீளத்துக்கு மேல வேணும்னு நான் சொல்வேன். அப்ப வீசும்போது முடிச்சு வளையங்கள் வழியா ஓடும், பிரெய்டையும் லீடரையும் சேர்க்கிற எஃப்.ஜி முடிச்சு ஒழுங்கா இறுகியிருந்தா தட்டாது. குட்டை லீடர்தான் சரின்னு சொல்றவங்க, உங்க பக்கம் அடி எப்படிக் கல்லா மணலான்னும் சேர்த்து எழுதுங்க.