ஹெரால்டு முன்பக்க வேலை: டிரன்னியன், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் எல்லாம் ஒரே நேரத்தில் மாற்றலாமா?

ஹெரால்டு64:
வணக்கம். வண்டி டிரையம்ப் ஹெரால்டு 1200, 1964 மாடல். ஸ்டீயரிங்கில் இரண்டு விரல் அளவுக்கு வெற்று ஆட்டம் இருக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் டக் டக் என்று சத்தம் வருகிறது. திருப்பினால் கனமாக இருக்கிறது, கையை விட்டால் சக்கரம் தானாக நேராக வருவதில்லை. ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் இடப்பக்கச் சக்கரம் ஆடுகிறது. இரண்டு பக்கத்துக்கும் டிரன்னியன் (சக்கரம் திரும்ப உதவும் கீழ் மரை மூட்டு), மேல் பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் (ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டு), விஷ்போன் (சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் கை) புஷ் எல்லாம் புதிதாகப் போட நினைக்கிறேன். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் இல்லாமல் செய்ய முடியுமா? டிரன்னியனில் இப்போது கிரீஸ்தான் இருக்கிறது, அதையே தொடரலாமா? டிரன்னியனுக்குள் திருகியிருக்கும் செங்குத்துத் தண்டான வெர்ட்டிகல் லிங்க் பழையதையே போடலாமா?

சாணைக்கல்:
சாமான் வாங்கும் முன் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். சக்கரத்தை 12 மணி, 6 மணி நிலையில் பிடித்து ஆட்டும்போது இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங். நிற்கவில்லையென்றால் டிரன்னியன் அல்லது மேல் பால் ஜாயின்ட். 9 மணி, 3 மணி நிலையில் மட்டும் ஆடினால் டை ராட் எண்டையோ ரேக்கின் (டை ராட்டுகளை இடமும் வலமும் தள்ளும் ஸ்டீயரிங் பாகம்) உள் ஜாயின்ட்டையோ சந்தேகப்படுங்கள்.

ஸ்டீயரிங் ஆட்டத்துக்கு இன்னொரு இடத்தையும் பாருங்கள். வண்டி தரையில் நிற்க, பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் அசைக்கட்டும். ரேக் குழாயே சேஸியின் மேல் நகர்ந்தால் யு போல்ட்டுக்கு அடியிலுள்ள ரப்பர் போய்விட்டது. எஞ்சின் ஆயில் பட்டு ஊறியே அது கெட்டுப்போகும். இதைச் சரிசெய்யாமல் மற்றதையெல்லாம் மாற்றினால் வண்டி அலைபாய்வது அப்படியேதான் இருக்கும்.

திருப்பக் கனம், தானாக நேராவதில்லை என்று சொல்வது காய்ந்த டிரன்னியனின் அடையாளம். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இடதுமரை:
கம்ப்ரஸர் தேவையில்லை. இந்த வண்டியில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே கூட்டாக இருக்கின்றன. சேஸிக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து சக்கரத்தைத் தொங்கவிட்டால், முழுதாக நீண்ட ஷாக் அப்சார்பரே ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளும். புஷ் மாற்ற அந்தக் கூட்டையே வெளியே எடுக்க வேண்டுமென்றால் மேலே மூன்று நட்டு, கீழே ஒரு போல்ட்டு, அவ்வளவுதான். மேலே நடுவில் இருக்கும் ஒற்றை நட்டை மட்டும் தொடவே கூடாது. ஸ்பிரிங்கின் முழு விசையையும் அது ஒன்றுதான் அடக்கிவைத்திருக்கிறது. ஷாக் அப்சார்பர் உள்ளே உடைந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால் மட்டும் கம்ப்ரஸர் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

டை ராட் எண்டைக் கழற்றும் முன் லாக் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள், பிறகு எண்டு வெளியே வர எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். எண்டின் கூம்பு வடிவத் தண்டு (டேப்பர்) பிடித்துக்கொண்டிருந்தால் மரை முனையில் அடிக்காதீர்கள். அது உட்கார்ந்திருக்கும் ஸ்டீயரிங் ஆர்மின் கண்ணுக்கு (துளையுள்ள முனை) ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக்கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. கண் ஒரு கணம் நசுங்கி டேப்பரை விட்டுவிடும். புதியதை இறுக்கும்போது அதன் தண்டும் நட்டோடு சேர்ந்து சுற்றினால், அடியில் ஜாக்கி கொடுத்து டேப்பரை உள்ளே அழுத்திக்கொண்டு இறுக்குங்கள்.

பிரேக் அசெம்பிளியைக் கம்பி கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் எடை விழக்கூடாது.

கீழ் விஷ்போன் பிராக்கெட்டுக்கும் சேஸிக்கும் நடுவில் ஷிம் (மெல்லிய இடைத்தகடு) இருக்கும். கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்கீழ்ச் சாய்வு, அதில்தான் நிற்கிறது. எந்த இடத்தில் எத்தனை இருந்தது என்று குறித்துவைத்து அப்படியே திருப்பிப் போடுங்கள்.

ஹெரால்டு64:
நன்றி சார். பிரேக்கை மிதித்தும் ஆட்டம் நிற்கவில்லை, ஆகவே பிரித்துவிட்டேன். இடப்பக்க டிரன்னியன் போல்ட்டு அசையவே இல்லை. நட்டு வந்துவிட்டது, போல்ட்டு சுற்றுகிறது, வெளியே வரவில்லை.

சாணைக்கல்:
போல்ட்டு உள்ளேயிருக்கும் எஃகு ஸ்லீவோடு துருப்பிடித்து ஒட்டிவிட்டது. போல்ட்டோடு ஸ்லீவும் சேர்ந்து நைலான் புஷ்ஷுக்குள் சுற்றுகிறது, எவ்வளவு அடித்தாலும் வராது. ஓங்கி அடித்தால் விஷ்போனின் காதுதான் வளையும். தீ காட்டினால் நைலான் உருகிப் புகையும். டிரன்னியனுக்கும் விஷ்போன் காதுக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஹேக்சா பிளேடு விட்டு இரண்டு பக்கமும் அறுத்துவிடுங்கள். போல்ட்டு, ஸ்லீவ், புஷ் எல்லாம் எப்படியும் மாற்றுகிற சாமான்தான். புதிய போல்ட்டைப் போடும்போது காப்பர் கிரீஸ் தடவுங்கள்.

புதிய புஷ் செட்டில் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்லீவ் நைலானைவிட ஒரு மயிரிழை நீளமாக இருக்க வேண்டும். நைலான் நீளமாக இருந்தால் போல்ட்டை இறுக்கியதும் டிரன்னியன் விறைத்துக்கொள்ளும். உப்புத்தாளைச் சமதளத்தில் வைத்து நைலானின் முகத்தைத் தேய்த்துக் குறையுங்கள்.

இடதுமரை:
இப்போது முக்கியமான விஷயம், வெர்ட்டிகல் லிங்க். டிரன்னியன் பித்தளை வகை உலோகம், துருப்பிடிக்காது. அதற்குள் திருகியிருக்கும் லிங்க் எஃகு. மேல் ரப்பர் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கும். கெட்டியான கிரீஸ் அடியிலேயே தங்கிவிடும், மேல் மரை வரை ஏறாது. அங்கே துரு குழி விழும், குழியிலிருந்து விரிசல் ஓடும். ஒரு நாள் மெதுவாக முழு லாக்கில் (ஸ்டீயரிங்கைக் கடைசிவரை) திருப்பும்போது லிங்க் முறிந்து சக்கரம் மடிந்துவிடும். ஆகவே இதற்கு கிரீஸ் வேண்டாம், இ.பி. 90 ஹைபாய்டு கியர் ஆயில்தான். தயாரிப்பாளர் சொன்னதும் அதுவே.

லிங்க்கைக் கழுவி, கம்பி பிரஷ் போட்டு, மரையின் அடிப்பள்ளங்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள். விரிசல் காட்டும் சிவப்புச் சாயம் போட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது. மரையில் குழி இருந்தால் அந்த லிங்க் வேண்டாம். குழி இல்லை, ஆனால் புது டிரன்னியனைத் திருகிய பிறகும் கையில் ஆட்டம் தெரிகிறது என்றாலும் வேண்டாம். தேய்ந்த லிங்க்கில் புது டிரன்னியன் போடுவது வீண் செலவு.

இடப்பக்கம் இடது மரை, வலப்பக்கம் வலது மரை. சீலைப் போட்டு, ஆயில் தடவி, டிரன்னியனை அடிவரை திருகுங்கள். பிறகு ஒரு சுற்றுக்குள்ளேயே பின்வாங்கி, போல்ட்டுத் துளை விஷ்போனுக்கு நேராக வரும் இடத்தில் நிறுத்துங்கள். அடிவரை இறுக்கிய நிலையிலேயே பூட்டினால், லாக்கில் திருப்பும்போது லிங்க் அடித்தட்டில் முட்டும், அந்த விசை மரையில்தான் ஏறும். ஹெரால்டின் சக்கரம் மற்ற வண்டிகளைவிட அதிகமாகத் திரும்பும், அதனால் இரண்டு முழு லாக்கும் தடையில்லாமல் போகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பழையபேரிங்:
கியர் ஆயில் சொட்டுச் சொட்டாக ஒழுகிவிடுகிறதே? 00 நம்பர் இளகிய கிரீஸ் போடுகிறவர்களும் உண்டு. ஒழுகிக் காய்ந்து கிடப்பதைவிட அது மேல் என்றுதான் எனக்குப் படுகிறது.

இடதுமரை:
காய்ந்து கிடப்பதைவிட மேல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒழுகுகிறது என்றால் டிரன்னியனின் அடித்தட்டு மூடி சரியாக உட்காரவில்லை. புது டிரன்னியனையும் மாட்டும் முன் ஆயில் நிரப்பி ஒரு இரவு காகிதத்தின் மேல் நிற்கவைத்துப் பாருங்கள். காகிதம் நனைந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். மேலே சீல் பக்கம் லேசாகக் கசிவது இருக்கத்தான் செய்யும். பக்கத்திலுள்ள பிளக்கைக் கழற்றி, நிப்பிள் போட்டு, கிரீஸ் கன்னில் ஆயிலை ஊற்றி, மேல் சீலோரம் புது ஆயில் வரும்வரை அழுத்துங்கள். பழைய கிரீஸ் கெட்டிப்பட்டிருந்தால் அழுத்தி மட்டும் வெளியேறாது, பிரித்துத்தான் கழுவ வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும்.

சாணைக்கல்:
பூட்டும்போது விஷ்போனின் உள் ரப்பர் புஷ் போல்ட்டுகளை அந்தரத்தில் இறுக்காதீர்கள். கையால் மட்டும் முடுக்கிவைத்து, வண்டியைத் தரையில் இறக்கி, சற்று உருட்டி, முன்னால் இருவர் உட்கார்ந்திருக்கும்போது இறுக்குங்கள். தொங்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும், வண்டியின் முன்பக்கமும் உயர்ந்து நிற்கும். நைலோக் நட்டு, ஸ்பிளிட் பின் எல்லாம் புதிதாகப் போடுங்கள். டை ராட் எண்டுக்கு எண்ணிவைத்த சுற்று, டோ அளவுக்கு (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) தொடக்கம் மட்டுமே. புது டை ராட் எண்டின் நீளம் பழையதோடு அப்படியே ஒத்துப்போகாது, ஆகவே ஓட்டும் முன் அளந்து சரிசெய்யுங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டையும் இன்னொருமுறை டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) பாருங்கள்.