மூன்று கேட்டால் ஒன்பது வருகிறது

நித்யா: யாராவது விழித்திருக்கிறீர்களா? பைத்தானின் எண் கணக்குத் தொகுப்பான நம்பையில் (NumPy) மூன்று மார்க்கை மூன்று எடையால் பெருக்கினால் ஒன்பது எண் வருகிறது. 12 மணிக்குள் ஏற்ற வேண்டும்

செல்வா: என்ன கொடுத்தாய்

நித்யா: மார்க் 80, 70, 90. எடை 0.2, 0.3, 0.5. நடுவில் வெறும் * தான் அண்ணா

பெரியம்மா: அப்பாவுக்குக் கண் பார்க்க வியாழனா வெள்ளியா? யார் கூடப் போவது?

மாமா: நித்யா, அடிப்படையிலிருந்து வா. பெருக்கலில் இரண்டு வகை. ஒன்று உறுப்புக்கு உறுப்பு, மற்றது அணிப் பெருக்கல், அதாவது நிரையை நிரலோடு பெருக்கிக் கூட்டுவது. நாங்கள் மேட்லாப் என்ற கணக்கு மென்பொருளில் முதலாவதற்கு நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு புள்ளி வைப்போம், புள்ளி இல்லாவிட்டால் அது அணிப் பெருக்கல். நீ புள்ளி வைக்கவில்லை, அதுதான் கோளாறு. பைத்தானில் புள்ளி கிடையாதென்றால் @ போட்டுப் பார்

செல்வா: நம்பையில் தலைகீழ் மாமா. * தான் உறுப்புக்கு உறுப்பு. @ அணிக்கு, அதுவே பைத்தான் 3.5இல்தான் வந்தது

நித்யா: @ போட்டேன். 82 என்று ஒரே எண்

மாமா: பார், கூட்டுத்தொகை சரியாக வந்துவிட்டது

நித்யா: பாடவாரியாக மூன்று வேண்டும் மாமா

சித்தி: அண்ணன் பள்ளிக்கூடத்திலேயே கேட்காத கேள்விக்குத்தான் சரியாக விடை எழுதுவார் 😄

மாமா: கணக்கில் 96 யார், 41 யார் என்று இங்கே சொல்லட்டுமா

நித்யா: நம்பையின் மல்டிப்ளை ஃபங்ஷன் போட்டாலும் அதே ஒன்பது

செல்வா: அதுவும் * தான், பெயர் வேறு. இரண்டின் ஷேப்பையும் பிரிண்ட் பண்ணு, எத்தனை பரிமாணம், ஒவ்வொன்றிலும் எத்தனை எண் என்று தெரியும்

நித்யா: மார்க் (3,) எடை (3, 1)

செல்வா: அகப்பட்டது. மார்க் ஒரே பரிமாணம், எடை மூன்று நிரை ஒரு நிரல். எடையை 0:1 என்று வெட்டி எடுத்திருப்பாய், அப்படி எடுத்தால் ஒற்றை நிரலாக இரு பரிமாணத்திலேயே நிற்கும். நம்பை கடைசிப் பரிமாணத்திலிருந்து ஒப்பிட்டுக்கொண்டு வரும், ஒரு பக்கம் 1 இருந்தால் அடுத்ததன் அளவுக்கு நீட்டிக்கொள்ளும், அதனால் எல்லா எடையும் எல்லா மார்க்கோடும் பெருகிவிட்டது. அந்த ஒன்பது எண் அட்டவணையின் மூலைவிட்டத்தைப் பார், 16, 21, 45 இருக்கும்

நித்யா: இருக்கிறது!! பிறகு ஏன் எரர் வரவில்லை

செல்வா: அதன் கணக்கில் இது தப்பே இல்லை, இப்படி நீட்டுவதற்குப் பெயர்தான் பிராட்காஸ்டிங். (3,) உடன் (4,) கொடுத்தால்தான் கத்தும்

பெரியம்மா: வியாழனா வெள்ளியா??

சித்தி: வெள்ளி. செல்வா கார் எடுத்து வருவான்

செல்வா: நான் எப்போது சொன்னேன்

மாமா: மேட்லாபில் இந்தக் குழப்பமே வராது

செல்வா: 2016பி பதிப்பிலிருந்து அதுவும் இப்படித்தான் நீட்டுகிறது

மாமா: நான் வேலை பார்த்தது அதற்கு முன்பு. சரி, விடைதான் மூலைவிட்டத்தில் இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளட்டுமே

செல்வா: மூன்றுக்குப் பரவாயில்லை. லட்சம் எண் இருந்தால் அட்டவணையில் ஆயிரம் கோடி எண், 80 ஜிபி ஆகும் மாமா

சித்தி: 🤦‍♀️

நித்யா: 0:1க்குப் பதில் 0 மட்டும் போட்டு எடுக்கவா, ஒரே பரிமாணமாக்கும் ரேவல் போடவா

செல்வா: எதுவானாலும். 0 போதும்

நித்யா: வந்துவிட்டது 🙏

மாமா: ஏற்றுவதற்கு முன் மூன்றையும் கூட்டிப் பார், என் @ சொன்ன 82 வர வேண்டும்

நித்யா: வருகிறது மாமா

சித்தி: போச்சு, இனி வருஷக்கணக்கில் இதைச் சொல்வார்

பெரியம்மா: செல்வா, வெள்ளி காலையா சாயங்காலமா?

செல்வா: அம்மா, நான் இன்னும் சரியென்றே சொல்லவில்லை