புரூனோவுக்கு 3 சிவப்பு, லீக்கில் தடை ஒரே ஒரு மேட்ச்: கணக்கு எப்படி?

இடதுவிங்
2024-25 கால்பந்து சீசனில் மான்செஸ்டர் யுனைடெட்டின் புரூனோ ஃபெர்னான்டஸ் மூன்று தடவை சிவப்பு அட்டை வாங்கி வெளியேற்றப்பட்டார்: செப்டம்பர் 29 டாட்டன்ஹாம், அக்டோபர் 3 போர்ட்டோ, டிசம்பர் 26 வுல்வ்ஸ். இங்கிலாந்தில் ஒரே சீசனில் இரண்டாவது சிவப்பு வாங்கினால் வழக்கமான தடையோடு இன்னொரு மேட்ச் கூடும் என்பது விதி. ஆனால் தடையால் பிரீமியர் லீக்கில் அவர் உட்கார்ந்தது டிசம்பர் 30 நியூகாசில் மேட்ச் மட்டும்தான். ஜனவரி 5 லிவர்பூலுக்கு எதிராக முதல் பதினொன்றில் இருந்தார். அதே நியூகாசில் மேட்சில் சக ஆட்டக்காரர் உகார்ட்டேவும் இல்லை, அவர் சிவப்பே வாங்கவில்லையே? விவரம் தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

நடுக்களம்
மூன்றையும் தனித்தனியாகப் பிரித்தால் குழப்பம் தீரும்.

டாட்டன்ஹாம்: அந்த அணியின் மேடிசன் மேல் போன டேக்கிளுக்கு நேரடி சிவப்பு, காரணம் 'கடுமையான ஆபத்தான ஆட்டம்'. இதற்கு 3 மேட்ச். ஆஸ்டன் வில்லா, பிரென்ட்ஃபோர்ட், வெஸ்ட் ஹாம் மூன்றும் போயிருக்கும். கிளப் அப்பீல் செய்தது, சுயேச்சைக் குழு தடையை ரத்து செய்தது. ரத்தான சிவப்பு அடுத்த சிவப்புக்கான எண்ணிக்கையில் ஏறாது.

போர்ட்டோ: இது யூரோப்பா லீக், ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ நடத்துவது. ஒரே மேட்சில் இரண்டு மஞ்சள் அட்டை சேர்ந்து வந்த சிவப்பு. அதற்கான தடையை ஃபெனர்பாசே மேட்சில் கழித்தார். ஐரோப்பியத் தடை இங்கிலாந்துக்குள் வராது, இங்கிலாந்துத் தடை அங்கே போகாது. அதே அக்டோபரில் ஆர்சனலின் சலிபா போர்ன்மவுத்தில் நேரடி சிவப்பு வாங்கிவிட்டு, மூன்றே நாளில் சாம்பியன்ஸ் லீக்கில் ஷாக்தாருக்கு எதிராக ஆடினார். தடையை அடுத்த லீக் மேட்சில், லிவர்பூலுக்கு எதிராகக் கழித்தார்.

வுல்வ்ஸ்: ஆக, இங்கிலாந்து ஏட்டில் அவருக்கு அது அந்த சீசனின் முதல் சிவப்பு. இரண்டு மஞ்சள் என்பதால் 1 மேட்ச். கூடுதல் தடைக்கே இடமில்லை.

கோல்கம்பம்
தடையின் நீளத்தைத் தீர்மானிப்பது சிவப்புக்கான காரணம். இரண்டு மஞ்சள், அல்லது உறுதியான கோல் வாய்ப்பைத் தடுத்தது: 1 மேட்ச். வசைச்சொல், அவமதிக்கும் சைகை: 2. ஆபத்தான டேக்கிள், அடிதடி: 3. துப்பினால் 6. நடுவர் அறிக்கையில் எந்தக் காரணத்தை எழுதுகிறார் என்பதைப் பார்க்காமல் "சிவப்புன்னா மூணு மேட்ச்" என்று முடிவு கட்டாதீர்கள், இந்தத் தவறு நிறைய நடக்கிறது.

இன்னொன்று, சிவப்பால் வரும் தடை உள்நாட்டுப் போட்டிகள் எல்லாவற்றுக்கும் பொது. அடுத்து வருவது எஃப்ஏ கோப்பையா, லீக் கோப்பையா என்று பார்ப்பதில்லை, எது முதலில் வருகிறதோ அதில் கழியும்.

மஞ்சள்கணக்கு
உகார்ட்டே விஷயம் வேறு. வுல்வ்ஸ் மேட்சில் அவர் வாங்கியது லீக்கில் ஐந்தாவது மஞ்சள். பிரீமியர் லீக்கில் அணியின் முதல் 19 மேட்சுக்குள் 5 மஞ்சள் சேர்ந்தால் 1 மேட்ச் தடை. 32-வது மேட்ச் முடிவதற்குள் 10 என்றால் 2. சீசனுக்குள் 15 என்றால் 3. வுல்வ்ஸ் 18-வது மேட்ச், நியூகாசில் 19-வது. அந்த இரண்டையும் மஞ்சள் இல்லாமல் தாண்டியிருந்தால் பத்து சேரும் வரை அவருக்குக் கவலையே இருந்திருக்காது.

கவனிக்க வேண்டியவை. 19 என்பது அணியின் மேட்ச் கணக்கு, ஆட்டக்காரர் காயத்தால் பத்து மேட்ச் உட்கார்ந்திருந்தாலும் மாறாது. 19-வது மேட்சிலேயே ஐந்தாவது மஞ்சள் வாங்கினால் 20-வதில் தடை உண்டு. 19 தாண்டியதும் பழைய மஞ்சள்கள் அழிவதாகப் பலர் நினைக்கிறார்கள். அழிவதில்லை. நான்கோடு தாண்டியவர் நான்கிலிருந்தே பத்தை நோக்கிப் போகிறார், ஐந்துக்கான தண்டனை மட்டும்தான் காலாவதி ஆகிறது.

ஒரே மேட்சில் இரண்டு மஞ்சள் வாங்கி வெளியேறினால் அந்த இரண்டும் இந்த எண்ணிக்கையில் சேராது. முதலில் மஞ்சள், பிறகு நேரடி சிவப்பு என்றால் அந்த மஞ்சள் சேரும். மஞ்சள் எண்ணிக்கை போட்டிக்குப் போட்டி தனி, லீக் கோப்பை மஞ்சளை இங்கே கொண்டுவந்து கூட்ட வேண்டாம்.

இடதுவிங்
தெளிவாகிவிட்டது, மூவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி: வுல்வ்ஸ் சிவப்புக்கும் ஏன் அப்பீல் போகவில்லை?

நடுக்களம்
வழி இல்லை. அப்போதைய விதிப்படி மஞ்சள் அட்டைக்கு அப்பீல் கிடையாது, இரண்டாவது மஞ்சளானாலும் அப்படியே. விஏஆரும் (வீடியோ உதவி நடுவர்) அப்போது அதைப் பார்க்க முடியாது. விலக்கு ஒன்றே ஒன்று: ஆள்மாறாட்டம். 2014 மார்ச்சில் செல்சி ஆர்சனலை 6-0 என்று வென்ற மேட்சில் பந்தைக் கையால் தட்டியவர் ஆக்ஸ்லேட்-சேம்பர்லின், சிவப்பு காட்டப்பட்டது அதே ஆர்சனல் அணியின் கிப்ஸுக்கு. அதைத் திருத்தினார்கள். பந்து கோலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்ததால் ஆக்ஸ்லேடுக்கும் தடை விழவில்லை.

நேரடி சிவப்பில் அப்பீல் போகும் கிளப்பும் யோசித்துத்தான் போக வேண்டும். நடுவர் அப்பட்டமாகத் தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டும், "கொஞ்சம் கடுமையான முடிவு" என்ற வாதம் எடுபடாது. அடிப்படையே இல்லாத அப்பீல் என்று குழு கருதினால் தடையை நீட்டவும் முடியும்.

கோல்கம்பம்
ஐரோப்பாவில் மஞ்சள் கணக்கு இன்னும் இறுக்கம். சாம்பியன்ஸ் லீக்கில் 3 சேர்ந்தாலே ஒரு மேட்ச், காலிறுதி முடிந்த பிறகுதான் எல்லாம் அழியும். அதனால் சிலர் சுலபமான மேட்சில் தடையைக் கழித்துவிட, வேண்டுமென்றே மஞ்சள் வாங்கப் பார்க்கிறார்கள். 2019 பிப்ரவரியில் ரியல் மாட்ரிட் அயாக்ஸ் மைதானத்தில் 2-1 என்று முன்னிலையில் இருந்தபோது ரியலின் ராமோஸ் கடைசி நிமிடங்களில் அப்படி ஒன்று வாங்கினார், மனதில் வைத்தே செய்ததாகப் பேட்டியிலும் சொல்லிவிட்டார். யுஇஎஃப்ஏ தடையை 2 மேட்ச் ஆக்கியது. இரண்டு மேட்ச் கொண்ட அந்தச் சுற்றில், அவர் இல்லாத இரண்டாவது மேட்சில் அயாக்ஸ் மாட்ரிட்டிலேயே 4-1 என்று வென்று, ரியலை வெளியே அனுப்பியது.