மறு: ‘உணவழற்சி’ சரிதானா?

அனைவருக்கும் வணக்கம். பக்கவாதம், உணவு, நினைவாற்றல் பற்றிய பக்கங்களை மொழிபெயர்த்துவருகிறேன். நாம் சாப்பிடுவதோடு தொடர்புடைய அழற்சியை (inflammation) ‘உணவழற்சி’ எனலாமா என்பதுதான் இந்த இழையின் கேள்வி.

> உணவழற்சி என்றால் ஒரே சொல்லில் முடிந்துவிடும். சுருக்கம்தானே கலைச்சொல்லுக்கு அழகு?

சுருக்கம் எனக்கும் பிடிக்கும், ஐயா. ஆனால் இந்தச் சொல் ஆளை வேறெங்கோ கொண்டுபோய் விட்டுவிடுகிறது. பக்கவாதத்திலிருந்து தேறிவரும் என் பெரியம்மாவிடம், நான் மொழிபெயர்த்த இரண்டு பக்கங்களைப் படிக்கக் கொடுத்தேன். ‘உணவழற்சி’யைப் பென்சிலால் வட்டமிட்டு, “எனக்கு எந்தச் சாப்பாடும் ஒத்துக்காமப் போனதில்லையே” என்றார். ஒவ்வாமை என்று நினைத்துவிட்டார்.

அவர்மேல் பிழையில்லை. தோலழற்சி, மூட்டழற்சி, கல்லீரல் அழற்சி என எதை எடுத்தாலும் முன்னால் நிற்பது அழற்சி கண்ட உறுப்பு, அதன் காரணம் அல்ல. அந்தப் பழக்கத்தில் படித்தால் உணவுக்கே அழற்சி வந்ததாக ஆகிவிடும்.

> அப்படியானால் ‘உணவால் வரும் அழற்சி’?

‘ஆல்’ வேண்டாம். இத்துறை ஆய்வுகளில் பெரும்பகுதி, மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு, அவர்களுடைய நினைவாற்றலோடு ஒப்பிட்டுப் பார்ப்பவை. அவை தொடர்பைக் காட்டும், காரணத்தை நிறுவாது. ஆய்வாளர் சொல்லத் தயங்குவதை நம் வேற்றுமை உருபு சொல்லிவிடக் கூடாது. ‘உணவுசார் அழற்சி’ போதும்.

மூளைப் பக்கம் வந்தால் இடநெருக்கடி. மூளையழற்சி என்பது பெரும்பாலும் வைரஸால் வரும் காய்ச்சல் நோய்க்குப் போய்விட்டது. நரம்பழற்சியும் வேறொரு நோயின் பெயர். நமக்கு வேண்டியது வேறு. பக்கவாதத்தில் ரத்தம் கிடைக்காமல் மூளைச் செல்கள் மடிகின்றன, மூளையின் காவலாளிகளான மைக்ரோக்ளியா செல்கள் விழித்துக்கொள்கின்றன, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு நெகிழ்கிறது. உடலில் ஏற்கெனவே அழற்சி இருந்தால், அதன் வேதிப்பொருள்களும் உள்ளே நுழைய வழி கிடைக்கிறது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று பாடப்புத்தகம் சொல்லும் நான்கில் ஒன்றும் வெளியே தெரியாது. நீறுபூத்த நெருப்பு என்போமே, அதேதான்.

அதனால் ‘கனலழற்சி’ என்று வைக்கலாமா? கனல் என்பதை வினையாகக் கொண்டால், சுடுசோறு, ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை. உறுப்பின் பெயர் என்று யாரும் மயங்கவும் மாட்டார்கள். மூளையில் நடப்பது மூளைக் கனலழற்சி.

அப்புறம், ஓர் உணவுமுறை அழற்சியை எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்லும் அந்த மதிப்பெண் (Dietary Inflammatory Index). அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் 2009-இல் உருவாகி, 2014-இல் திருத்தப்பட்டது. மஞ்சள், இஞ்சி, பூண்டு, நார்ச்சத்து, நிறைவுற்ற கொழுப்பு என 45 உணவுக்கூறுகள். இன்டர்லூக்கின்-6, சி-ரியாக்டிவ் புரதம் உள்ளிட்ட அழற்சியின் அளவைக் காட்டும் 6 ரத்தக் குறிப்பான்களை ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்து எண் கொடுக்கிறார்கள். கூட்டல் எண் வந்தால் அந்த உணவுமுறை அழற்சியைக் கூட்டும் என்றும், கழித்தல் எண் வந்தால் தணிக்கும் என்றும் கொள்கிறார்கள். ஆகவே ‘அழற்சித் தூண்டல் குறியீடு’ என்றால் பாதி எண்களுக்குப் பெயரே பொருந்தாது. ‘குறியீடு’ வேறு சின்னம், நிரல் என்று ஏகப்பட்ட வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. என் பரிந்துரை: உணவின் அழற்சிப்போக்குச் சுட்டெண். கொஞ்சம் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

> கூட்டும் என்பதைவிட ‘மூட்டும்’ அழகு. அழல் என்றாலே தீதானே.

அழகுதான். நானும் மயங்கினேன். ஆனால் ‘அழற்சிமூட்டி’ என்று எழுதிப் பாருங்கள், பக்கத்திலேயே மூட்டழற்சி வந்து உட்கார்ந்துகொள்கிறது. கூட்டும், தணிக்கும் என்றே இருக்கட்டும்.

திருத்திய பக்கங்களை நேற்று மறுபடி பெரியம்மாவிடம் கொடுத்தேன். இந்த முறை ஒரே ஒரு வட்டம், ‘பக்கவாதம்’ மேல். அவருக்குக் கைகால் எதுவும் விழவில்லை, பேச்சுதான் ஒரு வாரம் வராமல் இருந்தது. அந்தச் சொல்லுக்குத் தனி இழை தொடங்குகிறேன்.