கிளாஸ் ஒன் மெடிக்கல்: பழைய டிப்ரெஷன் சிகிச்சையை ஃபார்மில் எழுதணுமா?

சிறகுமாணவன்:
வணக்கம். விமானிப் பயிற்சிக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி கிளாஸ் ஒன் மெடிக்கலை, அதாவது விமானி வேலைக்கான உடல்தகுதிப் பரிசோதனையை, முடிச்சிடலாம்னு இருக்கேன். ஒரு விஷயம் உறுத்துது. அம்மா தவறினப்போ மாசக்கணக்கா தூக்கமில்லை, சாப்பாடு இறங்கலை. டாக்டர் டிப்ரெஷன்னு சொல்லி எஸ்சிடலோப்ராம்ங்கிற மருந்து கொடுத்தார், கூடவே கவுன்சலிங். அப்புறம் அவரே படிப்படியா குறைச்சு நிறுத்திட்டார். இப்போ நல்லா இருக்கேன். ஆனா ஃபார்மில் மனநலச் சிகிச்சை எடுத்ததுண்டான்னு நேராவே கேட்டிருக்காங்க. எழுதினா அங்கேயே அன்ஃபிட்டா?

ரன்வே27:
எழுதாதே ப்ரோ. ரத்தத்துல தெரியுமா, எக்ஸ்ரேயில தெரியுமா? எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் அரிச்சந்திரன் மாதிரி "ஆமா"ன்னு போட்டான். ஃபைல் இன்னும் மேசை மேசையா சுத்துது.

பழையகேப்டன்:
ஃபைல் சுத்தும்கிறது உண்மை, நானும் பார்த்திருக்கேன். ஆனா மறைக்கிற யோசனையைக் காதுல வாங்காதே தம்பி. அமெரிக்காவுல 2023-ல கிட்டத்தட்ட 5,000 விமானிகள் விசாரணையில் இருந்தது வெளியே வந்துச்சு. எல்லாம் முன்னாள் ராணுவத்தினர். உடல்நலக் குறைவுக்கு அரசு உதவித்தொகை வாங்கிக்கிட்டே, அதே குறையை மெடிக்கல் ஃபார்மில் சொல்லலைன்னு சந்தேகம். எந்த ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலை. ரெண்டு துறைகளோட பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தாங்க, அவ்வளவுதான். பயிற்சிக் கடனையெல்லாம் தலையில ஏத்திக்கிட்ட பிறகு இப்படி மாட்டினா எப்படி இருக்கும்னு யோசி.

உன் கேள்விக்கு வர்றேன். சைக்கோசிஸ் (நிஜம் எதுன்னே தெரியாமப் போறது), பைபோலார் (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வர்றது) மாதிரி நோய்னா விதியே தடுக்கும். உன்னுது அந்த வகை இல்லை. எதனால வந்துச்சு, எத்தனை தடவை வந்துச்சு, சாகணும்னு நினைப்பு இருந்துச்சா, மருந்தை விட்டு எவ்வளவு நாளாச்சு, இதைத்தான் பார்ப்பாங்க. இழப்புக்கு அப்புறம் ஒரே ஒரு தடவை வந்து சரியானது லேசான பக்கம்தான். அமெரிக்காவுல 2010-லேயே நாலு டிப்ரெஷன் மருந்துகளைச் சாப்பிட்டுக்கிட்டே பறக்கலாம்னு நிபந்தனையோட அனுமதிச்சாங்க. உன் எஸ்சிடலோப்ராம் அதுல ஒண்ணு. ஆஸ்திரேலியா அதுக்கும் ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு. நாட்டுக்கு நாடு விதி மாறும், உன் லைசென்ஸ் எந்த நாட்டுதோ அதைப் பாரு.

ஃபைல் இழுக்கிறதுக்குப் பெரும்பாலும் காரணம் அந்த ஒத்தை வரிக் கடிதம்: "இவர் தற்போது நலமாக உள்ளார்." அதை வெச்சு மெடிக்கல் பரிசோதனை பண்ற டாக்டர் என்ன முடிவெடுப்பார்? உனக்குச் சிகிச்சை கொடுத்தவர்கிட்டப் போய் உட்கார்ந்து முழுசா வாங்கு. நோயோட பேர், மருந்து ஆரம்பிச்ச தேதி, அளவு, நிறுத்தின தேதி, நிறுத்தின பிறகு எப்படி இருக்கே, எல்லாம் வரணும். தற்கொலை எண்ணம் இருந்ததில்லைன்னா அதையும் வெளிப்படையா எழுதச் சொல்லு. சொல்லாம விட்டா அதைக் கேட்டே இன்னொரு கடிதம் வரும். பழைய மருந்துச் சீட்டு நகலும் சேர்த்துக்கோ. டைப் பண்ணித் தரச் சொல்லு, டாக்டர் கையெழுத்தைப் படிக்கத் தனியா ஆள் வைக்க முடியாது.

ஜன்னல்சீட்:
நான் வெறும் பயணி, தப்பா எடுத்துக்காதீங்க. ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானியே வேணும்னு மலையில மோத விட்டு 150 பேர் செத்தாங்களே? டிப்ரெஷன் வந்தவங்களை ஏன் உள்ளே விடணும்?

பழையகேப்டன்:
நியாயமான பயம். ஆனா 2015 மார்ச் 24-ல நடந்ததுக்கு முன்கதை இருக்கு. அந்தத் துணை விமானிக்கு முன்னாடி டிப்ரெஷன் வந்தது அதிகாரிகளுக்குத் தெரியும், மெடிக்கல் சான்றிதழ்லயே குறிப்பு இருந்துச்சு. தெரியாமப் போனது மறுபடி வந்ததுதான். தனியார் டாக்டர்கள் பலர்கிட்டப் போயிருக்கார். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒருத்தர் மனநல மருத்துவமனையில சேரச் சொல்லியிருக்கார். மருத்துவ விடுப்புச் சீட்டைக் கம்பெனிக்குக் கொடுக்காம வேலைக்குப் போனார். பிரெஞ்சு விசாரணை அறிக்கையில ஒரு விவரம் இருக்கு: மெடிக்கல் சான்றிதழ் பறிபோனா வருமானத்தை ஈடுகட்டுற காப்பீடு அவர்கிட்ட இல்லை. சான்றிதழ்ல இருந்த அந்தக் குறிப்பாலயே காப்பீடு எடுக்கிறது கஷ்டமாயிருக்குன்னு 2014 டிசம்பர்ல ஒரு மின்னஞ்சல்ல எழுதியிருக்கார். அவர் செஞ்சதுக்கு நான் சமாதானம் சொல்லலை. ஆனா டிப்ரெஷன் வந்தாலே வெளியேன்னு விதி போட்டா, அடுத்தவன் டாக்டர்கிட்டயே போகாம காக்பிட்டுக்குள்ள வந்து உட்காருவான். அந்த விமானத்துல ஏற எனக்குத்தான் பயமா இருக்கும்.

சிறகுமாணவன்:
ரொம்ப நன்றி கேப்டன் சார். கடிதம் வாங்கிடறேன். வேலையில சேர்ந்த பிறகு திரும்ப வந்தா?

பழையகேப்டன்:
ஐரோப்பாவுல 2021-லேர்ந்து எல்லா ஏர்லைன் விமானிக்கும் பியர் சப்போர்ட், அதாவது சக விமானிகிட்ட மனசு விட்டுப் பேசுற வசதி இருக்கணும்னு விதி. சக விமானியே போன் எடுப்பார். நானும் எடுத்திருக்கேன். கூப்பிடறவங்க முதல்ல ரோஸ்டரை (டியூட்டி அட்டவணையை) திட்டுவாங்க, விட்டுடுவேன். நடுவுல "கடைசியா எப்போ நல்லாத் தூங்கினீங்க"ன்னு கேட்டா பேச்சு நின்னுடும். அதுக்கப்புறம்தான் விஷயம் வெளியே வரும். வழக்கமா அது ரகசியமாவே இருக்கும், உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் மேலே போகும்.

இன்னொண்ணு. மருந்து சாப்பிடற காலத்துல மெடிக்கல் நெருங்குதேன்னு நீயா நிறுத்தாதே. தலைசுத்தல், எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வரும், அந்த நிலைமையில போய் டாக்டர் முன்னாடி உட்காருவே. லைசென்ஸ் இழப்புக் காப்பீடு, அதான் மேலே சொன்ன வருமானக் காப்பீடு, எடுக்கும்போது மனநலக் காரணத்தை விலக்கியிருக்காங்களா, தொகையில வரம்பு வெச்சிருக்காங்களான்னு பார்த்துட்டுக் கையெழுத்துப் போடு. ஏஜென்ட் அந்தப் பக்கத்தைத் தானாத் திருப்பிக் காட்ட மாட்டார்.