புதுப்பிப்பு: கம்பி மாற்றியபின் சுருதி இறங்கும் கிட்டார் (தீர்ந்தது)

காரைக்குடியிலிருந்து, மின் கிட்டாருக்குப் புதுக் கம்பி போட்டபின் சுருதி ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ட்யூனரில் (கம்பியைச் சுற்றி முறுக்கும் திருகாணியில்) இரண்டு மூன்று சுற்று மட்டும் விட்டு, கம்பியை விரலால் மெல்ல இழுத்து மறுபடி சுருதி சேர்க்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. நான் ஏழெட்டுச் சுற்று சுற்றியிருந்தேன். நான்கு முறை இழுத்ததும் நின்றுவிட்டது.

எதிர்பாராதது: 9 அளவுக்குப் பதில் சற்றுத் தடித்த 10 அளவுக் கம்பி போட்டதால் இழுவிசை கூடி, ட்ரெமோலோ பிரிட்ஜின் (கம்பிகள் தங்கும், ஸ்பிரிங்கோடு அசையும் பாலத்தின்) பின்புறம் தூக்கிக்கொண்டது. பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் அரைச் சுற்று இறுக்குவதும் சுருதி சேர்ப்பதுமாகப் பொறுமையாகச் செய்தேன், படிந்தது. பிரிட்ஜின் இழுவிசை ஒரேயடியாக மாறாமலிருக்க, அடுத்த முறை கம்பிகளை ஒவ்வொன்றாகத்தான் மாற்றுவேன்.

நேற்று மாலை வளவில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் வாசித்தேன். ஜி கம்பிகூட இறங்கவில்லை!